துபாய் எவ்வளவு தூரம்? விமானத் தூரமும் பறக்கும் நேரமும்

மார்த்தாண்டத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்காவின் மகன் துபாயில் வேலை செய்கிறான். சென்ற முறை அவன் விடுமுறைக்கு வந்தபோது எடுத்த போகவர டிக்கெட்டின் நகலை அக்கா என்னிடம் நீட்டினார். திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் பகல் 12.45க்குத் துபாயில் இறங்கும் என்று ஒரு வரியில் இருந்தது. துபாயில் இரவு 10 மணிக்குப் புறப்படும் விமானம் அதிகாலை 3.30க்குத் திருவனந்தபுரத்தில் இறங்கும் என்று அடுத்த வரியில் இருந்தது. "போவதுக்கு மூணு மணிக்கூர்கூட இல்ல. வாறதுக்கு மட்டும் அஞ்சரை மணிக்கூரா? வாற வழி சுத்தோ?" என்று கேட்டார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. களியக்காவிளையைத் தாண்டிப் பக்கத்து மாநிலத்துத் திருவனந்தபுரம்தான் எங்களுக்கு வளைகுடாவின் வாசல். ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் ஒருவராவது அங்கிருந்து விமானம் ஏறியிருப்பார். இருந்தும், விமானத்தின் தூரத்தையும் நேரத்தையும் பற்றி இங்கே பேசப்படுவதில் பாதிக்குமேல் பிழை. பூமி சுற்றுவதால் ஒரு பக்கம் சீக்கிரம் போய்விடலாம் என்பார் ஒருவர். வரும்போது கடலைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள் என்பார் இன்னொருவர். அக்காவின் கேள்விக்கு முறையான பதில் உண்டு. அதைச் சொல்ல மூன்று செய்திகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கடிகாரத்தை ஒதுக்கி வைப்போம்

பேருந்தில் யாராவது "களியக்காவிளை எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "அரை மணிக்கூர்" என்றுதான் நாம் பதில் சொல்கிறோம். தூரத்தைக் கேட்டவருக்கு நேரத்தைச் சொல்கிறோம், இருவருக்கும் அது புரிந்துவிடுகிறது. ஒரே ஊர்ப்பக்கத்தில், ஒரே கடிகாரத்தின் கீழ், ஒரே மாதிரியான பேருந்தில் போகும்வரை இந்தப் பழக்கத்தால் கேடில்லை. விமானப் பயணத்தில்தான் இது நம்மை ஏமாற்றுகிறது. அங்கே தூரம் ஓர் அளவு, வானில் கழியும் நேரம் வேறோர் அளவு, இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு மூன்றாவது அளவு.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சாகும். உலகெங்கும் இதுவே வழக்கம். இந்தியக் கடிகாரம் கிரீனிச் நேரத்தைவிட 5½ மணி முன்னே ஓடுகிறது, அமீரகத்தின் கடிகாரம் 4 மணி முன்னே ஓடுகிறது, ஆகவே நமக்கும் துபாய்க்கும் ஒன்றரை மணி வேறுபாடு. இங்கே காலை 10 மணி என்றால் அங்கே 8.30தான். விமானம் துபாயில் 12.45க்கு இறங்கும்போது மார்த்தாண்டத்தில் அக்கா வீட்டுச் சுவர்க் கடிகாரம் 2.15 காட்டும். 10 மணியிலிருந்து 2.15 வரை நாலேகால் மணி. திரும்பி வரும்போது இங்கே அதிகாலை 3.30 என்றால் துபாயில் இரவு 2 மணி. இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை எண்ணினால் நான்கு மணி. இரண்டேமுக்கால் மணியாகவும் ஐந்தரை மணியாகவும் கண்ணுக்குத் தெரிந்த இரண்டு பயணங்களும், கடிகாரத்தை ஒதுக்கியதும், நாலேகால், நான்கு என்று அருகருகே வந்துவிட்டன.

இந்த வேறுபாடு தூரத்தைக் காட்டும் அளவன்று என்பதை இன்னோர் ஊரை வைத்துப் பார்க்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950 கி.மீ., சிங்கப்பூர் ஏறத்தாழ 3,100 கி.மீ. தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வானில் கழியும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுவதால், டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அந்தப் பயணம் ஆறேமுக்கால் மணி போலவும் துபாய்ப் பயணம் மூன்று மணிக்கும் குறைவு போலவும் தோன்றும். "சிங்கப்பூர் ரொம்பத் தூரம், துபாய் பக்கம்" என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பூமி 24 மணியில் 360 டிகிரி சுற்றுவதால், 15 டிகிரி தீர்க்கரேகைக்கு ஒரு மணி என்பது அடிப்படைக் கணக்கு. தீர்க்கரேகை என்பது ஓர் ஊர் கிரீனிச்சுக்குக் கிழக்கிலோ மேற்கிலோ எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்று சொல்லும் எண். இந்திய நேரம் கிழக்கு 82½ டிகிரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதை 15ஆல் வகுத்தால் ஐந்தரை வரும். ஆனாலும் எந்த நேரத்தை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிப்பது அரசுதான். சிங்கப்பூர் ஏறத்தாழ 104 டிகிரியில் இருக்கிறது, வெயிலின் கணக்குப்படி அதற்கு 7 மணிதான் வர வேண்டும், ஆனால் மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக 1982 ஜனவரி 1 முதல் அது 8 மணியை எடுத்துக்கொண்டது. அன்று சிங்கப்பூர் ஓரடிகூட நகரவில்லை, கடிகாரம் மட்டும் நகர்ந்தது.

இதுவரை சொன்னதன் சாரம் இது: டிக்கெட்டிலுள்ள இரண்டு நேரங்களையும் ஒரே ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றிய பிறகுதான் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்தபின் அக்காவின் டிக்கெட்டில் மிஞ்சி நிற்பது கால் மணி வேறுபாடு. அது மட்டுமே உண்மையானது. அது எங்கிருந்து வந்தது என்று அறிய, முதலில் தூரத்தையும் பிறகு வேகத்தையும் பார்க்க வேண்டும்.

பழத்தின் மேல் ஒரு நூல்

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு நாகர்கோவில், மதுரை வழியாக ரயிலில் போனால் ஏறத்தாழ 800 கி.மீ. விமானத் தூரம் ஏறத்தாழ 615 கி.மீ.தான். ரயில் ஊர்களைத் தொட்டுக்கொண்டும் மலையைச் சுற்றிக்கொண்டும் போகிறது. விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அது நேராகப் போகிறது. இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். பூமி உருண்டையானது, அப்படியானால் உருண்டையின் மேல் "நேர்" என்பது எது?

ஒரு தர்ப்பூசணிப் பழத்தை எடுத்து, அதன் தோலில் இரண்டு புள்ளிகளை வைத்து, ஒரு நூலை இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே இழுத்துப் பிடியுங்கள். நூல் தொய்வில்லாமல் இறுகும்போது, மிகக் குறைந்த நீளமுள்ள வழியில் தானாகவே படிந்துவிடும். அந்த நூலை அதே போக்கில் நீட்டிக்கொண்டே போனால் அது பழத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு வட்டமாகும். பூமியின் மேல் இப்படி அமையும் வட்டத்தைப் பெருவட்டம் என்றும், அதன் ஒரு துண்டாக இரண்டு ஊர்களுக்கு நடுவே அமையும் வழியைப் பெருவட்டப் பாதை என்றும் சொல்வார்கள். இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் பெயரை இட்டால் வரும் "வான்வழித் தூரம்" என்பது பெரும்பாலும் இந்தப் பாதையின் நீளம்தான்.

அதே பழத்தின் தோலை உரித்து மேசைமேல் தட்டையாக அழுத்திப் பாருங்கள். கிழியாமலும் இழுபடாமலும் அது தட்டையாகாது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படம் இப்படி இழுபட்ட ஒரு தோல்தான். துருவங்களை நெருங்க நெருங்க அதில் எல்லாம் அகலமாகத் தெரியும். அதனால் படத்தில் அளவுகோலை வைத்து இழுத்த கோடு, பூமியின் மேல் மிகக் குறுகிய வழியாக இருக்காது. டெல்லியிலிருந்து கனடாவின் டொராண்டோவுக்குப் படத்தில் கோடு போட்டால் அது ஈரானையும் மத்தியதரைக் கடலையும் தாண்டி அட்லாண்டிக் கடலைக் கடக்கும். இழுத்துப் பிடித்த நூலோ வடக்கே ஏறி, ஏறத்தாழ 75 டிகிரி வடக்கு வரை, ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே போய் மறுபக்கம் இறங்கும். இருக்கைக்கு முன்னாலுள்ள திரையில் விமானம் வில்லைப் போல வளைந்து போவதாகக் காட்டுவதைப் பார்த்து "ஏன் சுற்றிப் போகிறான்?" என்று கேட்கிறோம். வளைந்திருப்பது அந்தத் தட்டைப் படம். விமானம் நூல்பிடித்தாற்போலத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

துபாய் போன்ற ஊர்களுக்கு இந்த வளைவு மிகக் குறைவு, ஏனெனில் நாமும் அவர்களும் நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி இல்லை. அதனால் துபாய்த் தூரத்தை நீங்களே ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். தெற்கு வடக்காக ஒரு டிகிரி எங்கும் ஏறத்தாழ 111 கி.மீ. கிழக்கு மேற்காக ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் அதே 111 கி.மீ. இருக்கும், வடக்கே போகப் போகச் சுருங்கும், நமக்கும் துபாய்க்கும் நடுப்பகுதியில் அது ஏறத்தாழ 106 கி.மீ. திருவனந்தபுரம் விமான நிலையம் வடக்கு 8.5 டிகிரி, கிழக்கு 76.9 டிகிரியில் இருக்கிறது. துபாய் விமான நிலையம் வடக்கு 25.25 டிகிரி, கிழக்கு 55.4 டிகிரியில் இருக்கிறது. வடக்கே 16.75 டிகிரி, அதாவது ஏறத்தாழ 1,860 கி.மீ. மேற்கே 21.5 டிகிரி, அதாவது ஏறத்தாழ 2,280 கி.மீ. கொத்தனார் மூலைமட்டம் பார்க்க 3 அடியும் 4 அடியும் அளந்து குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பாரே, அதே கணக்குதான் இங்கும்: இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2,950க்கு மிக அருகில் வந்து நிற்கும். கணிப்பொறி சொல்லும் எண்ணும் அதுதான். டொராண்டோ அளவுக்குத் தள்ளியிருக்கும் ஊருக்கு இந்தச் சுருக்குவழி உதவாது.

விமானம் தரையிலிருந்து 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் வழி நீண்டுவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. அதன் பக்கத்தில் 11 கி.மீ. மிகச் சிறியது. துபாய் வரையான முழு வழியிலும் அதனால் கூடுவது ஏறத்தாழ 5 கி.மீ.தான்.

கடல் மைல்

வானில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை, கடல் மைலில் அளக்கிறார்கள். ஒரு டிகிரியை அறுபதாகப் பங்கிட்டால், தெற்கு வடக்காக வரும் ஒரு பங்கின் நீளம்தான் கடல் மைல். இன்றைய வரையறைப்படி அது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்துக்கு நாட் என்று பெயர். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. "கரையிலிருந்து முந்நூறு நாட்டிக்கல்" என்று அவர்கள் சொல்லும் அளவும் விமானி சொல்லும் அளவும் ஒன்றே. கடலோடிகளிடமிருந்துதான் இந்த அளவு வானோடிகளுக்கு வந்தது.

இதை இங்கே குறிப்பிட ஒரு காரணம் உண்டு. சில இணையப் பக்கங்கள் தூரத்தை வெறுமனே "மைல்" என்று போடுகின்றன. சாலை மைல் 1,609 மீட்டர், கடல் மைல் 1,852 மீட்டர். துபாய் சாலை மைலில் ஏறத்தாழ 1,830, கடல் மைலில் ஏறத்தாழ 1,590. இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு வழி மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

வானத்துக்கும் எல்லை உண்டு

இழுத்துப் பிடித்த நூலின் மேலேயே விமானம் போய்விட முடியாது. வானத்தில் வகுத்த வழிகள் உண்டு. ஆளில்லாக் கடலின் மேலும் ஐந்து எழுத்துப் பெயர்கள் கொண்ட புள்ளிகளை வகுத்து வைத்திருக்கிறார்கள். விமானங்கள் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு என்று போகின்றன. களியக்காவிளையில் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கேரளக் காவல்துறையின் பொறுப்பு தொடங்குவதைப் போல, வானிலும் பொறுப்பு கைமாறும். திருவனந்தபுரத்தில் கிளம்பும் துபாய் விமானம் சென்னைக் கட்டுப்பாட்டு வெளியில் தொடங்கி, அரபிக்கடலின் மேல் மும்பைக்கும், பின்னர் மஸ்கட்டுக்கும், கடைசியில் அமீரகத்துக்கும் போகிறது. இந்த வழியில் கடல் பெரும்பகுதி என்பதால் நமது விமானங்கள் ஏறக்குறைய நேராகவே போகின்றன.

வானம் மூடப்படும்போதுதான் தூரத்துக்கும் பயண நேரத்துக்கும் உள்ள இடைவெளி முகத்தில் அறைவதுபோலத் தெரியும். துபாய்க்கும் கத்தாரின் தோஹாவுக்கும் 380 கி.மீ.தான், மார்த்தாண்டத்திலிருந்து திருச்சி போகும் அளவுதான். 2017 ஜூன் மாதம் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கத்தாருடன் உறவை முறித்துக்கொண்டபோது அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர் விமானமே இல்லாமல் போயிற்று. 2021 ஜனவரியில் உறவு சீராகும்வரை மஸ்கட் வழியாகவும் குவைத் வழியாகவும் மக்கள் சுற்றினார்கள். அண்ணன் துபாயிலும் தம்பி தோஹாவிலுமாக இருந்த எத்தனையோ நம்மூர்க் குடும்பங்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன, வரைபடத்திலுள்ள தூரமும் மாறவில்லை, ஒரு மணிக்குச் சற்றுமேல் எடுத்த பயணம் மட்டும் அரைநாளாகிவிட்டது.

2022இல் ரஷ்யா தன் வானத்தைப் பல நாட்டு விமானங்களுக்கு மூடியதும் இப்படித்தான். பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணியில் போய்க்கொண்டிருந்த விமானம் 13 மணி எடுக்கத் தொடங்கியது. பாகிஸ்தான் வானம் மூடப்பட்ட காலங்களில் டெல்லியிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கு நேரம் கூடியது. தெற்கே கடல் வழியாகப் போகும் நமக்கு அந்தச் சிக்கல் அவ்வளவாக வரவில்லை.

காற்றோடு போவதும் காற்றை எதிர்ப்பதும்

இப்போது வேகத்துக்கு வருவோம். தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் வள்ளம் வலிப்பவரைப் பாருங்கள். அவர் துடுப்புப் போடும் வலு மாறுவதில்லை. ஆறு கடலை நோக்கி இழுக்கும்போது அதே வலுவில் கடலை நோக்கிப் போனால் கரையிலுள்ள தென்னைகள் விரைவாகப் பின்னே நகரும், ஆற்றை எதிர்த்துத் திரும்பினால் அதே தென்னைகள் மெல்ல மெல்லத்தான் நகரும். தண்ணீரைப் பொறுத்து வள்ளத்தின் வேகம் ஒன்று, கரையைப் பொறுத்து வேறொன்று.

விமானத்துக்குக் காற்றுதான் தண்ணீர். தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து விமானம் போகும் வேகம் காற்றுவேகம், கீழேயுள்ள நிலத்தைப் பொறுத்து அது போகும் வேகம் தரைவேகம். வளைகுடாவுக்குப் போகும் போயிங் 737, ஏர்பஸ் 320 வகை விமானங்கள் உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. காற்றுவேகத்தில் பறக்கும். எதிரே மணிக்கு 60 கி.மீ. காற்று வீசினால் தரைவேகம் 770, அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 890. துபாய் வரையான 2,950 கி.மீ.ஐ 770ஆல் வகுத்தால் 3 மணி 50 நிமிடம், 890ஆல் வகுத்தால் 3 மணி 19 நிமிடம். விமானம் ஒன்று, எஞ்சினின் உழைப்பு ஒன்று, வழியும் ஒன்று, ஆனாலும் அரை மணி வேறுபாடு. அக்காவின் டிக்கெட்டில் மிஞ்சிய கால் மணி பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

அப்படியானால் மேலே காற்று எப்போதும் மேற்கிலிருந்துதான் வீசுகிறதா? குளிர்காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான். அரேபியாவிலிருந்து வட இந்தியா வரை, விமானங்கள் பறக்கும் உயரத்தை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வலுவான காற்று ஆறுபோல ஓடுகிறது. இப்படி உயரத்தில் குறுகலாகவும் வேகமாகவும் ஓடும் காற்றை ஜெட் காற்றோட்டம் என்பார்கள். நமது வழியின் வடபாதி அதன் செல்வாக்கில் வருவதால், அந்த மாதங்களில் துபாய் போகும் விமானம் எதிர்நீச்சல் போட வேண்டியிருக்கிறது, வரும் விமானத்தைக் காற்றே தள்ளிவிடுகிறது.

ஆனி, ஆடியில் நிலைமை வேறு. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுவதைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம். கதவைத் திறந்தால் வீட்டுக்குள் மணலை அள்ளிக்கொட்டும் அந்தக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதே நாளில், அதே ஊருக்கு நேர் மேலே, பத்துப் பதினைந்து கி.மீ. உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக்கொண்டிருக்கும். இதற்கு வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். இதை 1950களில் விளக்கிக் காட்டியவர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பை வகித்த பி. கோட்டீஸ்வரம். தரையிலுள்ள காற்றைப் பார்த்து விமானத்துக்கு எதிர்க்காற்றா, பின்காற்றா என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்கள் ஊருக்குக் கிடையாது. ஆடியில் தெற்கே அந்தக் கிழக்குக் காற்று துபாய் போகிறவரைத்தான் தள்ளும்.

பூமி சுற்றுவதால் அல்ல

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, ஆகவே மேற்கே போகும் விமானத்துக்குக் கீழே துபாயே நகர்ந்து வந்துவிடும், அதனால்தான் போகும் நேரம் குறைகிறது என்ற விளக்கத்தைப் படித்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன். இது தவறு. ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து ஒரு நாணயத்தை மேலே சுண்டினால் அது பின்பெட்டியில் போய் விழுவதில்லை, உங்கள் கையிலேயே விழுகிறது. நாணயமும் நீங்களும் பெட்டிக்குள் உள்ள காற்றும் ரயிலோடு சேர்ந்தே ஓடுகிறீர்கள். பூமியும் அப்படித்தான். நமது பகுதியில் நிலம் மணிக்கு ஏறத்தாழ 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. அது விமானத்தின் வேகத்தைப் போல இருமடங்கு. காற்றும் அதோடு சேர்ந்து சுழலாவிட்டால், வீட்டைவிட்டு வெளியே வரும் ஒவ்வொருவரையும் மணிக்கு 1,650 கி.மீ. வேகமுள்ள காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும். நிலத்தோடும் காற்றோடும் சேர்ந்து சுழன்றுகொண்டிருக்கும் விமானம் அந்த நிலையிலிருந்துதான் மேலே எழும்புகிறது. பூமியின் சுழற்சி காற்றோட்டங்களின் திசையை உருவாக்குவதில் பங்கு வகிக்கிறது என்பது உண்மை. அது காற்றின் வழியாக வரும் மறைமுக விளைவு, நேரடியான விளைவு இல்லை.

சுருக்கமாக, தூரம் மாறாதது, காற்றுவேகமும் ஏறக்குறைய மாறாதது, இரண்டுக்கும் நடுவே புகுந்து நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வைப்பது உயரத்துக் காற்று.

சக்கரத்தில் கட்டை வைப்பது முதல்

சென்னை 615 கி.மீ., துபாய் 2,950 கி.மீ. துபாய் ஏறக்குறைய ஐந்து மடங்கு தூரம். ஆனால் சென்னைக்கு ஒன்றேகால் மணிக்குமேல் ஆகிறது, துபாய்க்கு நாலேகால் மணிதான், மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதல். இது எப்படி?

மேட்டில் நிறுத்திய லாரி உருளாமல் இருக்கச் சக்கரத்தின் கீழ் கட்டை கொடுப்பார்கள் அல்லவா, நிற்கும் விமானத்துக்கும் அப்படிக் கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, சேருமிடத்தில் நின்று மீண்டும் கட்டை வைக்கும் நொடி வரையிலான நேரத்துக்குப் பிளாக் டைம் என்று பெயர். டிக்கெட்டில் உள்ளது இந்த நேரம்தான், வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானம் எழும்பக் காத்திருப்பது, மெதுவாக உயரம் ஏறுவது, இறங்கும் ஊரை நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பது, நெரிசல் இருந்தால் வானில் வட்டமடிப்பது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை ஊர்வது எல்லாம் இதில் அடங்கும். பக்கத்து ஊருக்குப் போகும் டவுன்பஸ்ஸும் சென்னை போகும் பேருந்தும் நிலையத்தைவிட்டு வெளியே வர ஒரே அளவு நேரம்தான் எடுக்கும். அதுபோல, தூரம் எதுவானாலும் இந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே ஒரு தோராயக் கணக்கு போதும். தூரத்தை 830ஆல் வகுத்து, வருவதோடு 35 நிமிடத்தைக் கூட்டுங்கள். சென்னைக்கு 44 நிமிடமும் 35 நிமிடமும் சேர்ந்து ஒரு மணி 20 நிமிடம். துபாய்க்கு 3 மணி 33 நிமிடமும் 35 நிமிடமும் சேர்ந்து 4 மணி 8 நிமிடம். சிங்கப்பூருக்கு இதே கணக்கில் 4 மணி 20 நிமிடம் வரும். மிச்சம் இருப்பது காற்றின் பங்கு.

இதற்குமேல், தாமதம் என்ற பெயர் வராமலிருக்க விமான நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூட்டியே எழுதுவதும் உண்டு. "இருபது நிமிடம் முன்னாலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டான்" என்று விமானியைப் பாராட்டும்போது, பாதிப் பாராட்டு அட்டவணை எழுதியவருக்குச் சேர வேண்டியது. அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். அதனால் ஒரே வழியில் ஒரே விமானத்துக்கு அச்சாகும் நிமிடங்கள் கோடையிலும் குளிரிலும் வெவ்வேறாக இருக்கலாம்.

திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடக்கிறது. அந்த மாலையில் சில மணி நேரம் ஓடுபாதை மூடப்பட்டு, விமானங்களின் நேரம் முன்னும் பின்னும் நகர்த்தப்படும். அன்று டிக்கெட் வைத்திருப்பவர்கள் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அழைக்கப் போகும் நேரம்

அக்காவிடம் இவ்வளவையும் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தமக்கு வேண்டியதைக் கேட்டார்: "அப்போ அவன் வாற அன்னைக்கு நான் எத்தன மணிக்கு வீட்டிலிருந்து எறங்கணும்?" அதிகாலை 3.30 என்பது நம்மூர் நேரம், அதில் எதையும் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம் என்றேன். அது கட்டை வைக்கும் நேரம், ஆள் வெளியே வரும் நேரம் அன்று. குடியேற்றச் சோதனை முடிந்து, பெட்டி வந்து, சுங்கத்தைத் தாண்ட முக்கால் மணியாவது ஆகும். தேதியையும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். துபாயில் 14ஆம் தேதி இரவு 10 மணிக்கு ஏறுகிறவன் இங்கே இறங்குவது 15ஆம் தேதி அதிகாலையில். 15ஆம் தேதி இரவு என்று நினைத்துக் காருக்குச் சொல்லிவைத்து, ஒரு பகல் முழுக்கப் பிள்ளையை விமான நிலையத்தில் காக்கவைத்த குடும்பம் எங்கள் தெருவிலேயே உண்டு. நள்ளிரவில் நெய்யாற்றின்கரைச் சாலை காலியாகக் கிடக்கும், ஒன்றேகால் மணியில் போய்விடலாம். அக்கா 2.45க்குக் காருக்குச் சொன்னார்.